பழைய பெரிய கேமராக்களுக்குப் புதுத் துருத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் நிற்கும் முன்சட்டத்தையும் பிலிம் நிற்கும் பின்சட்டத்தையும் இணைக்கும் மடிப்புக் கூட்டைத்தான் இங்கே துருத்தி என்கிறேன். பெல்லோஸ் என்று சொல்பவர்களும் உண்டு. 5×4 அங்குலக் கேமரா, பழைய கண்ணாடித் தட்டு அளவுகளான அரைத்தட்டு, முழுத்தட்டு, 10×8 என எதுவானாலும் மரமும் பித்தளையும் நூறாண்டு தாங்குகின்றன, துருத்தி தாங்குவதில்லை. கீழே உள்ள கேள்விகள் வெவ்வேறு போலத் தோன்றினாலும், பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில்தான் போய் முட்டும்: தடிமன்.

என் துருத்தி பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒளி கசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பகல் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இருட்டறைக்குள் கொண்டுபோய், லென்ஸுக்கு மூடி போட்டு, உள்ளே ஒரு சிறிய எல்இடி விளக்கை வைத்துப் பின்பக்கத்தைக் கறுப்பு அட்டையால் அடைத்துவிடுங்கள். விளக்கை அணைத்த அறையில் கண் பழகப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு துருத்தியை முழுக்க நீட்டியும், முன்சட்டத்தைச் சாய்த்தும், பக்கவாட்டில் நகர்த்தியும் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் பெரும்பாலும் மூலைகளில்தான் இருக்கும். சில ஓட்டைகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இழுபடும்போது மட்டுமே திறக்கும். அதனால் அசைக்காமல் பார்த்துவிட்டு ‘கசிவு இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏற்கெனவே எடுத்த நெகட்டிவ்களும் சாட்சி சொல்லும். மூட்டம் எல்லா நெகட்டிவ்களிலும் ஒரே பக்கமாகப் படர்ந்திருந்தால் துருத்தியைச் சந்தேகிக்கலாம். ஒரு குறிப்பிட்ட பிலிம் ஹோல்டரில் (பிலிமைப் போட்டுக் கேமராவின் பின்னால் செருகும் தட்டையான உறை) எடுத்தவற்றில் மட்டும் ஓரமாகக் கீற்று விழுந்திருந்தால் குற்றவாளி அந்த ஹோல்டர்தான்.

ஒட்டுப் போட்டால் போதாதா?

தோலோ துணியோ இன்னும் வளையும் தன்மையோடு இருந்து, ஓட்டைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன என்றால் போதும். ஒளி புகாத மெல்லிய கறுப்புத் துணியைச் சிறு துண்டுகளாக வெட்டி, காய்ந்தாலும் வளையும் பசையால் உட்பக்கமாக ஒட்டலாம். சாதாரணக் கறுப்புப் பெயின்டை மூலையில் அப்பும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. காய்ந்து விறைத்ததும் மடியும் இடத்தில் வெடித்து, பக்கத்திலிருக்கும் நல்ல துணியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கெட்டியான ரப்பர் பூச்சு வெடிக்காது. ஆனால் அது மூலையின் தடிமனைக் கூட்டுவதால் கேமரா மூடாமல் போகலாம்.

விரலால் தடவும்போது செம்பழுப்புத் தூள் கையோடு வந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. தாவரச் சாற்றில் பதனிட்ட பழைய தோல், காற்றிலுள்ள கந்தக வாயுக்களால் காலப்போக்கில் அமிலமேறி உதிரும். அந்த நிலையிலிருந்து தோலை மீட்க முடியாது. தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பழைய துருத்தியைக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கழற்றுவதற்கு முன்பே அளவெடுத்துவிடுங்கள். முன், பின் வாய்களின் வெளி அளவு, உள் அளவு, மடிப்புகளின் எண்ணிக்கை, ஒரு மடிப்பின் அகலம், சட்டத்தை ஒட்டிய முதல் மடிப்பு வெளியே எழுகிறதா உள்ளே போகிறதா, இணைப்பு எந்தப் பக்கம் என எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு படமும் எடுத்து வையுங்கள். இவற்றைவிட முக்கியமானது, கேமராவை மூடும்போது துருத்திக்குக் கிடைக்கும் இடம். முன்சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறது என்று அளந்துவிடுங்கள்.

மரக் கேமராக்களில் துருத்தி பெரும்பாலும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிது நேரம் ஒற்றியெடுத்தால் பசை இளகும். மழுங்கிய மெல்லிய கத்தியை மெதுவாக உள்ளே விட்டு நெம்பலாம். மரப்பூச்சு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகக் கேமராக்களில் திருகோ, சிறு ஆணியோ, மடித்த தகட்டுச் சட்டமோ பிடித்திருக்கும்.

கழற்றியதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இணைப்பைப் பிரித்து, தட்டையாக விரித்து, மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே விறைப்புக்காக ஒட்டியிருக்கும் அட்டைப் பட்டைகளின் தடத்தைக் காகிதத்தில் பென்சிலால் எடுங்கள். அதைவிட நல்ல வரைபடம் எங்கும் கிடைக்காது.

பழைய துருத்தியே இல்லை. எத்தனை மடிப்பு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

முதலில் தேவையான நீட்சியை முடிவு செய்யுங்கள். 150 மிமீ லென்ஸால் ஒரு பொருளை அதன் உண்மை அளவிலேயே படமெடுக்க லென்ஸுக்கும் பிலிமுக்கும் இடையே சுமார் 300 மிமீ வேண்டும். முன்சட்டம் நகரும் கேமராவின் தண்டவாளம் அவ்வளவு நீளுமா என்றும் பாருங்கள். தண்டவாளம் நீளாத தூரத்துக்குத் துருத்தி செய்வது வீண்.

உதாரணமாக ஒரு பட்டைக்கு 14 மிமீ ஒதுக்குகிறோம் என்று கொள்வோம். இதில் அட்டை 12.5 மிமீ, மடிய விடும் இடைவெளி 1.5 மிமீ. இரண்டு பட்டைகள் சேர்ந்தது ஒரு மடிப்பு. தட்டையாக விரித்தால் அது 28 மிமீ. துருத்தியை எப்போதும் தட்டையாகும்வரை இழுக்கக் கூடாது. முக்கால் பங்குதான் பயன்படும் நீளம், அதாவது மடிப்புக்கு 21 மிமீ. 300 மிமீக்குப் பதினைந்து மடிப்பு வரும். ஒன்று கூட்டிப் பதினாறாக வைத்துக்கொள்வது நல்லது. ஆக 32 பட்டைகள், 448 மிமீ. இரு முனைகளிலும் சட்டத்தில் ஒட்ட 25 மிமீ சேர்த்தால் துணியின் நீளம் அரை மீட்டரை நெருங்கும்.

மூடும்போது அது எவ்வளவு தடிமனாக இருக்கும்?

இதைத் துணி வாங்கும் முன் கணக்கிட வேண்டும். மேல்துணி 0.15 மிமீ, அட்டை 0.25, உள்துணி 0.12, பசைக்கு 0.04 என்று வைத்தால் ஒரு பட்டை 0.56 மிமீ. அதை 32-ஆல் பெருக்கினால் சுமார் 18 மிமீ. மேல்துணிக்குப் பதிலாக 0.5 மிமீ தோலைப் போட்டால் ஒரு பட்டை 0.91 ஆகிவிடும், மொத்தம் 29 மிமீ.

இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூலையில் துணி தன்மேல் தானே மடிந்து இரட்டையாகிறது. அங்கே அட்டை கிடையாது என்றாலும், மெல்லிய துணிக்கு மூலைத் தடிமன் பட்டைக்கு 0.62 மிமீ, மொத்தம் 20 மிமீ. அதே மூலையில் தோல் என்றால் பட்டைக்கு 1.32, மொத்தம் 42 மிமீ! பக்கங்கள் படிந்தாலும் மூலைகள் விடைத்துக்கொண்டு நிற்கும், கேமரா மூடாது. புதுத் துருத்தி போட்ட பிறகு கதவு சாத்தவில்லை என்ற புகார்களுக்கு இதுதான் காரணம். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தக் கணக்கை மட்டும் உங்கள் கேமராவுக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்படியென்றால் தோலே கூடாதா?

கூடும். பழைய கைவினைஞர்கள் தோலைத்தான் போட்டார்கள், ஆனால் அதன் மறுபக்கத்தைச் சீவிச் சீவிக் காகிதம்போல ஆக்கிய பிறகு. புத்தகம் கட்டுபவர்களுக்கு விற்கப்படும், சீவிய மெல்லிய ஆட்டுத்தோல் கிடைத்தால் முயலலாம். 0.3 மிமீக்கு மேல் இருந்தால் தொடாதீர்கள். கைப்பைக்கும் காலணிக்கும் விற்கும் தோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முதல் முறையாகச் செய்பவருக்கு மெல்லிய, இறுக்கமாக நெய்த கறுப்பு நைலானோ, உட்பக்கம் காகிதம் ஒட்டாத புத்தக பைண்டிங் துணியோ போதும். உட்பக்கத்துக்கு ரப்பர் அல்லது பாலியூரித்தேன் பூசிய, ஒளி புகாத மெல்லிய துணி வேண்டும். ஒளியைத் தடுப்பது உள்துணியின் வேலை, உராய்வைத் தாங்குவது மேல்துணியின் வேலை. கடையில் ஒளி புகாத துணி என்று விற்கும் திரைச்சீலைத் துணி பெரும்பாலும் கனமானது, அதிலும் வெள்ளைப் பூச்சு கொண்டது லென்ஸ் ஒளியை உள்ளேயே சிதறடிக்கும். உட்புறம் மங்கலான கறுப்பாக இருப்பது கட்டாயம். பளபளக்கும் கறுப்பும் படத்தின் ஒளி-நிழல் மாறுபாட்டைக் கெடுக்கும்.

வாங்கும் முன் துணியை நான்காக மடித்து நகத்தால் அழுத்துங்கள். பிரித்து, கைபேசி விளக்கை மடிப்புக் கோட்டுக்குப் பின்னால் பிடியுங்கள். பூச்சு விரிசல் விட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அகச்சிவப்பு பிலிம் பயன்படுத்துகிறேன். கண்ணுக்குக் கறுப்பாக இருந்தால் போதுமா?

போதாது. செயற்கை இழைத் துணிகள் பலவற்றின் கறுப்புச் சாயம் அகச்சிவப்பு ஒளியைத் தாராளமாக விட்டுவிடும். பிலிமை ஹோல்டரில் போட்டு, லென்ஸை மூடி, ஹோல்டரின் தகட்டை உருவிவிட்டு வெயிலில் சில நிமிடம் வைத்துக் கழுவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

மூலைகள் எப்படி வேலை செய்கின்றன? என் காகித மாதிரி மூலையில் மடியவே மறுக்கிறது.

நான்கு பக்கங்களிலும் ஒரே மட்டத்தில் முகடு வருமாறு கோடு போட்டிருப்பீர்கள். எளிய நான்கு மூலைத் துருத்தி அப்படி மடியாது.

ஒரு காகித நாடாவை எடுத்து, செங்கோணத்தில் திருப்ப 45 பாகையில் மடித்துப் பாருங்கள். மடிப்புக்கு இந்தப் பக்கம் வெளியே இருந்த ஓரம், அந்தப் பக்கம் உள்ளே போய்விடும். துருத்தியின் ஒவ்வொரு பட்டையும் மூலையில் செய்வது இதைத்தான். எனவே மேல்பக்கத்தில் முகடாக இருக்கும் கோடு, மூலையைத் தாண்டிப் பக்கவாட்டில் பள்ளமாக வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல, அடுத்தடுத்த பக்கங்கள் நேர்மாறு. மூலையைச் சாய்வாக வெட்டியதுபோல இரண்டு சிறு திருப்பங்களாகச் செய்யும் வகையும் உண்டு. அதில் ஓரம் இரண்டு முறை மாறி மீண்டும் பழைய இடத்துக்கு வருவதால் முகடுகள் சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். உங்கள் கேமராவில் இருந்தது எது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள். முதல் முறை என்றால் எளிய வகையே போதும்.

அட்டைப் பட்டையின் இரு முனைகளையும் இதற்கேற்ப 45 பாகையில் வெட்ட வேண்டும். பள்ளத்தில் சந்திக்கும் இரண்டு பட்டைகளின் நீண்ட ஓரங்களும், முகட்டில் சந்திக்கும் இரண்டின் குறுகிய ஓரங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி அமையும். மூலைக்கோட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னதாகவே அட்டை நின்றுவிட வேண்டும். அட்டை மூலைக்குள் நுழைந்தால் முன்பு சொன்ன தடிமன் கணக்கு தலைகீழாகிவிடும்.

வரைபடத்தில் பக்கத்தின் அகலத்தை எவ்வளவு என்று போடுவது?

மூடிய துருத்தியின் வெளி அளவிலிருந்து ஒரு பட்டையின் அகலத்தைக் கழியுங்கள். பின்பக்கம் வெளியே 160 மிமீ என்றால் 146. முன்பக்கம் 110 என்றால் 96. மூலைக்கோடு பட்டையின் நடுவாகச் செல்வதுதான் இதற்குக் காரணம். வெளி அளவை அப்படியே போட்டால் மடித்த பிறகு துருத்தி சட்டத்தைவிடப் பெரிதாகிவிடும்.

உள் அளவு வேண்டுமானால் வெளி அளவிலிருந்து இரண்டு பட்டை அகலத்தைக் கழிக்க வேண்டும். 160-இல் 28 போனால் 132 மிமீ. 5×4 பிலிமில் படம் விழும் பகுதியின் நீண்ட பக்கம் சுமார் 120 மிமீ என்பதால் ஒளி மறைபடாது. பட்டையை அகலமாக்கினால் மடிப்பு எண்ணிக்கை குறையும், மூடிய தடிமனும் குறையும். ஆனால் படத்தின் ஓரம் அடிபடும். இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் எண் இருக்கிறது.

முன்பக்கம் குறுகும் துருத்தியில் நான்கு பக்கங்களையும் அருகருகே வரைந்தால் விசிறிபோல வளைந்து வரும். பக்கத்துப் பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும் மூலைக்கோட்டின் நீளம் ஒன்றாகவே இருக்க வேண்டும். துருத்தியின் அகலமும் உயரமும் வெவ்வேறு விகிதத்தில் குறுகும் கேமராக்களில் இதைச் சரிபார்க்க மறந்துவிடுவார்கள்.

அட்டை எது?

ஃபைல் உறைக்குப் பயன்படும் மணிலா அட்டையே சரி, 0.2 முதல் 0.3 மிமீ வரை. காகிதத்தின் இழையோட்டம் பட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் பட்டை நடுவில் தொய்யும். அட்டையின் சிறு துண்டை இரு திசைகளிலும் வளைத்துப் பாருங்கள், எளிதாக வளையும் அச்சே இழையோட்டத்தின் திசை. உட்பக்கம் தெரியும் வாய்ப்பிருந்தால் கறுப்பு அட்டை எடுங்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட பட்டைகளை ஒவ்வொன்றாக எப்படிச் சீராக ஒட்டுவது?

ஒவ்வொன்றாக ஒட்டத் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கான எல்லாப் பட்டைகளையும் ஒரே அட்டையில் வரைந்து, இடைவெளிகளை மட்டும் வெட்டி எடுங்கள். இரு ஓரங்களிலும் பட்டைகள் ஒரு குறுகிய விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஏணியாக நிற்கட்டும். ஏணியை அப்படியே உள்துணியின்மேல் ஒட்டிய பிறகு, ஓர விளிம்புகளை 45 பாகைக் கோடுகளில் வெட்டி உரித்துவிடலாம். ஓரப்பகுதியில் பசை தடவாமல் இருந்தால் போதும். லேசர் வெட்டும் இயந்திரமோ கணினி வெட்டுக்கருவியோ வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் இந்த ஒரு வேலைக்கு அவரிடம் போவதில் தவறில்லை. மடிப்பதை எந்த இயந்திரமும் உங்களுக்காகச் செய்யாது.

எந்தப் பசை?

துணியும் அட்டையும் சேரும் இடத்தில், காய்ந்தாலும் வளையும் வெள்ளைப் பிவிஏ பசையை உருளையால் மெல்லியதாகத் தடவலாம். பூச்சுள்ள துணியில் அது பிடிக்காமல் போகலாம். அங்கே ரப்பர் அடிப்படையிலான தொடுபசை தேவைப்படும். அதைப் பயன்படுத்தும்போது சன்னல்களைத் திறந்து வையுங்கள். தெளிப்புப் பசை வசதியானதுதான், ஆனால் சில வகைகள் சில ஆண்டுகளில் பிடிப்பை இழக்கின்றன. வெயிலில் சூடேறும் ஒரு பொருளுக்கு நான் அதை நம்புவதில்லை. எதுவானாலும் கையளவுத் துண்டுகளை ஒட்டி, மறுநாள் உரித்துப் பார்த்த பிறகே முழு வேலையில் இறங்குங்கள்.

இணைப்பு எங்கே வர வேண்டும்?

அடிப்பக்கத்தின் நடுவில். பார்வைக்குத் தெரியாது, மேலிருந்து விழும் வெயிலும் நேராகப் படாது. உள்துணியின் இணைப்பும் மேல்துணியின் இணைப்பும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் இரண்டு விரல் அளவு தள்ளி இருக்கட்டும். ஒவ்வொன்றும் 10 மிமீயாவது மேல்படிய வேண்டும். தைக்காதீர்கள், ஊசி போகும் ஒவ்வோர் இடமும் ஓட்டை.

மடிக்கும் வேலை எவ்வளவு கடினம்?

கடினத்தைவிட நிதானம் கேட்கும் வேலை. பசை முழுக்க இறுகுவதற்கு முன், இன்னும் சற்றே இணங்கும் நிலையில் தொடங்குங்கள். அகலமான முனையிலிருந்து ஆரம்பித்து, முதலில் எதிரெதிரான இரு பக்கங்களில் ஒரு மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எழுப்புங்கள். பிறகு மற்ற இரு பக்கங்களை உள்ளே தள்ளுங்கள். இரண்டும் சந்திக்கும் மூலையில் துணி தானாகவே ஒரு முக்கோணமாக உள்வாங்கும். வாங்காவிட்டால் எலும்புக் கத்தியின் (காகித மடிப்பை அழுத்தும் மழுங்கிய கருவி) முனையால் லேசாக வழிகாட்டுங்கள். முதல் மூன்று நான்கு மடிப்புகள்தான் முரண்டு பிடிக்கும். அதன்பின் மூலைகள் முந்தைய மூலைகளைப் பார்த்து நடக்கத் தொடங்கும்.

எல்லாம் மடிந்ததும் முழுக்கச் சுருக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் எடுத்து நீட்டிச் சுருக்கி, மீண்டும் பளு ஏற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, சாதாரணக் காகிதத்தில் ஐந்தாறு மடிப்புகள் மட்டும் கொண்ட மாதிரி ஒன்றை உண்மை அகலத்தில் செய்து கேமராவுக்குள் வைத்துப் பாருங்கள். அளவுப் பிழைகள் பெரும்பாலும் அங்கேயே பிடிபடும்.

சட்டத்தில் பொருத்தும்போது?

முதலில் பின்சட்டம், பிறகு முன்சட்டம். ஒட்டும் முன் துருத்தி முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு மூலை தப்பினாலும் முழுத் துருத்தியும் திருகிக்கொள்ளும். பின்னாளில் இன்னொருவர் கழற்ற வேண்டிவரும் என்பதால் மரக் கேமராக்களில் நீரில் இளகும் பசையையே பரிந்துரைப்பேன். இருட்டறை விளக்குச் சோதனையை இப்போது மீண்டும் செய்யுங்கள்.

நீட்டினால் நடுவில் தொய்கிறது. படத்தின் அடிப்பகுதி மறைகிறது.

10×8 கேமராக்களில் இது சகஜம். துருத்தியின் நடுப்பகுதியில் மேல்பக்கத்து மடிப்பு ஒன்றில் சிறு நாடா வளையம் ஒட்டி, முன்சட்டத்தோடு கொக்கி போட்டு இழுத்துப் பிடிக்கலாம். அடியில் சுருட்டிய துணியை வைத்துத் தாங்குபவர்களும் உண்டு. தொய்வது படத்தின் எந்தப் பக்கத்தை மறைக்கிறது என்று குழம்பாதீர்கள்: பிலிமில் படம் தலைகீழாக விழுவதால், கீழே தொய்ந்த மேல்பக்கத் துணி காட்சியின் அடிப்பகுதியைத்தான் மறைக்கும்.

அகலக்கோண லென்ஸுக்கு மடிப்புத் துருத்தி சுருங்க மாட்டேன் என்கிறது.

90 மிமீயும் அதற்குக் குறைவான லென்ஸ்களும் வரும்போது, மடிப்புகள் அடைத்துக்கொண்டு முன்சட்டத்தை அசையவே விடாது. அதற்குப் பை வடிவத் துருத்தி இருக்கிறது. அட்டை கிடையாது, மடிப்பு கிடையாது, இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒளி புகாத மெல்லிய துணியால் ஒரு தளர்வான பை. சட்டங்களைக் கழற்றி மாட்டும் வகைக் கேமரா உங்களிடம் இருந்தால், கற்றுக்கொள்ள இதையே முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

அசலைப் போலவே இருக்க வேண்டுமா?

அருங்காட்சியகத்துக்குரிய கேமரா என்றால் துருத்தியைத் தொடாமல் விடுவதே மேல். படமெடுக்கப் போகிற கேமரா என்றால் வடிவத்தில் அசலைப் பின்பற்றுங்கள், பொருளில் வேண்டாம். முன்பக்கம் குறுகும் துருத்தியை ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கின்னியர் 1857-இல் தம் கேமராவுக்கு வடிவமைத்தார். அந்த வடிவத்தில் இன்றுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கோடாக் மடக்குக் கேமராக்களின் சிவப்புத் துருத்திமேல் பலருக்கு மோகம் உண்டு. மேல்துணி சிவப்பாக இருப்பதால் கெடுதல் இல்லை, உள்துணி கறுப்பாக இருக்கும்வரை.

எண்ணெய் பூசிப் பராமரிக்கலாமா? சுருக்கி வைப்பதா, நீட்டி வைப்பதா?

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோலுக்குள் இறங்கி அட்டையை ஊறவைக்கும், பசையை இளக்கும், தூசியை இழுக்கும். கேமராவைச் சுருக்கி மூடியே வையுங்கள், மடிப்புகள் தம் இடத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை நீட்டி, மென்மையான தூரிகையால் பள்ளங்களிலுள்ள தூசியைத் தட்டிவிடுங்கள். அட்டையும் மாவுப் பசையும் சேர்ந்த பழைய துருத்தி வெள்ளிப்பூச்சிகளுக்குப் பிடித்தமான தீனி, அவற்றைக் கண்டால் கேமராவை அந்த அலமாரியிலிருந்து மாற்றிவிடுங்கள்.